கொசு பரப்பும் வைரஸ் நோய்கள் சிலருக்கு மட்டும் தீவிரமாவது ஏன்? மரபணுக்களின் பங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு டெங்கு காண்கிறது. ஒருவர் இரண்டு நாள் உடல்வலியோடு தப்பிவிடுகிறார். இன்னொருவர் ஒரு வாரம் படுத்து எழுகிறார். மூன்றாமவரை ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று குடும்பத்தினர் கேட்கும்போது, பெரும்பாலும் 'உடல்வாகு' என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகக் கிடைக்கிறது. அந்தச் சொல்லுக்குள் மரபணுக்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது.

ஒரே வைரஸ் எல்லோருக்கும் ஒரே அளவு நோயைத் தருவதில்லையா?

தருவதில்லை. இந்த வைரஸ்களில் பெரும்பாலானவற்றில் தொற்றியவர்களின் எண்ணிக்கை பெரிதாகவும் கடுமையாக நோயுற்றவர்களின் எண்ணிக்கை மிகச் சிறிதாகவும் இருக்கிறது. 2013இல் வெளியான ஒரு கணிப்பின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 39 கோடி டெங்குத் தொற்றுகள் ஏற்படுகின்றன; அவற்றில் சுமார் 9.6 கோடி மட்டுமே நோய் என்று உணரும் அளவுக்கு வெளிப்படுகின்றன. மேற்கு நைல் வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அது மூளையையோ நரம்பு மண்டலத்தையோ தாக்குகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் 250 தொற்றுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் கடும் நோய் உண்டாகிறது, ஆனால் அப்படி நோயுற்றவர்களில் 30 விழுக்காடு வரை இறக்க நேரிடுகிறது. ஆகவே ஆய்வாளர்களின் கேள்வி தொற்று யாருக்கு வருகிறது என்பதோடு நிற்பதில்லை. வந்தவர்களில் இந்தச் சிறு பகுதியினர் யார், ஏன் என்பதே அவர்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கிறது.

'தீவிரம்' என்று சொல்லும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

நோய்க்கு நோய் இது மாறுபடும், அதனால் அதில் பங்கெடுக்கும் மரபணுக்களும் மாறுபடுகின்றன. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காய்ச்சலோ தட்டணுக் குறைவோ அன்று. ரத்த நுண்குழாய்களின் உட்சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுந்துவிடுவதே அதிர்ச்சி நிலை எனப்படுகிறது. காய்ச்சல் தணிகிற வேளையில், அதாவது நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதி அடைகிற மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இது நிகழ்கிறது. மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் வைரஸ் மூளைக்குள் நுழைவதும், மஞ்சள் காய்ச்சலில் கல்லீரல் சிதைவதும், சிக்குன்குனியாவில் மூட்டு அழற்சி மாதக்கணக்கில் நீடிப்பதும் தீவிரத்தின் அடையாளங்கள்.

மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு என்பது எப்படித் தெரியவந்தது?

எலிகளிடமிருந்து. 1930களில் லெஸ்லி வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் வைரஸ் செலுத்தப்பட்டு மடிந்த எலிகளின் வழியையும் பிழைத்த எலிகளின் வழியையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்து, தாங்கும் குணமும் தாங்காக் குணமும் வழிவழியாக இறங்குகின்றன என்று காட்டினார். பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தால் புகழ்பெற்ற ஆல்பர்ட் சாபின், 1952இல் மஞ்சள் காய்ச்சல் வைரஸைக் கொண்டு இதையே ஆராய்ந்து, இந்தத் தாங்கும் குணம் ஒற்றை மரபணுவின் வழியாக இறங்குகிறது என்று நிறுவினார். அந்த மரபணு எது என்பதைக் கண்டுபிடிக்க மேலும் 50 ஆண்டுகள் ஆயின. 2002இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதை அடையாளம் கண்டன: ஓஏஎஸ்1பி என்பது அதன் பெயர். காட்டு எலிகளிடம் இந்த மரபணு முழுமையாக இருக்கிறது. ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட எலி வகைகளில் பெரும்பாலானவற்றில், மரபணுவின் டிஎன்ஏ வரிசை நடுவே ஓர் எழுத்து மாறி, அது உருவாக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்த எலிகள் மேற்கு நைல் வைரஸுக்கு எளிதில் பலியாகின்றன.

ஒரே ஓர் எழுத்து உயிரையும் சாவையும் பிரிக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு மனிதரிலும் அப்படிப்பட்ட ஒரு மரபணு இருக்கும் என்ற எதிர்பார்ப்பை எழுப்பியது. பெரும்பாலான மனிதர்களைப் பொறுத்தவரை அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். மனிதரில் இரண்டு வேறு வகையான மரபணு விளைவுகள் காணப்படுகின்றன. பலரிடமும் காணப்படும் பொதுவான மாறுபாடுகள் ஆபத்தைச் சிறிதளவு கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. மிகச் சிலரிடம் மட்டும் உள்ள அரிய குறைபாடுகள் ஆபத்தைப் பெருமளவு உயர்த்துகின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே தேவையற்ற அச்சமும் தவறான அலட்சியமும் பிறக்கின்றன.

டெங்குவைத் தீவிரமாக்கும் மரபணுக்கள் எவை?

இதுவரை கிடைத்துள்ள சான்றுகளில் மிக வலுவானது வியட்நாமிலிருந்து வந்தது. டெங்கு அதிர்ச்சி நிலைக்கு ஆளான 2,008 குழந்தைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 2,018 பேரின் மரபணுத் தொகுதியோடு வைத்துப் பார்த்து, கிடைத்ததை மேலும் 1,737 நோயாளிகளிடமும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 2,934 பேரிடமும் சரிபார்த்து, 2011இல் வெளியிட்டார்கள். எந்த மரபணுவையும் முன்கூட்டிச் சந்தேகிக்காமல் தொகுதி முழுவதையும் துழாவியதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு இடங்கள் தெளிவாக மேலெழுந்தன.

முதலாவது எம்ஐசிபி. வைரஸ் புகுந்து தவிக்கும் செல் தன் மேற்பரப்பில் ஏற்றிக் காட்டும் ஓர் ஆபத்துக் கொடி என்று இந்தப் புரதத்தைக் கருதலாம். நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த இயற்கைக் கொல்லி செல்களும் சில வகை டி செல்களும் அதைக் கண்டு அந்தச் செல்லை அழிக்கின்றன. இந்தக் கொடி சரியாக ஏறாவிட்டால் தொடக்க நாள்களில் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகக்கூடும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இரண்டாவது பிஎல்சிஇ1. என்னைக் கேட்டால் இதுவே அதிகம் யோசிக்க வைக்கும் கண்டுபிடிப்பு. நோய் எதிர்ப்போடு நேரடித் தொடர்பு உள்ளதாக இந்த மரபணுவை எவரும் எண்ணியிருக்கவில்லை. இதில் கடும் பழுது உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதுபட்டு, ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும் நோய் வருகிறது என்பது 2006இலேயே தெரிந்திருந்தது. நிற்க வேண்டியது ஒழுகிவிடுவதே அங்கும் நோயாக இருக்கிறது. டெங்கு அதிர்ச்சி நிலையிலும் ரத்தக் குழாயில் நிற்க வேண்டிய நீர் ஒழுகுகிறது. ஆகவே தீவிர டெங்குவுக்கான மரபு வழிச் சாய்வு, வைரஸை எதிர்க்கும் ஆற்றலில் மட்டுமன்றிக் குழாய்ச் சுவரின் உறுதியிலும் இருக்கலாம் என்று இது குறிப்புக் காட்டுகிறது. இவ்விரு இடங்களின் தொடர்பும் பின்னர் தாய்லாந்து நோயாளிகளிடமும் காணப்பட்டது.

இவற்றைத் தவிர, நோய் எதிர்ப்புப் படைக்கு வைரஸின் துண்டுகளைக் காட்டித்தரும் எச்எல்ஏ மரபணுக்களும் முக்கியமானவை. இலங்கையில் ரத்த தானம் செய்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சில எச்எல்ஏ வகைகளைக் கொண்டவர்களின் டி செல்கள் டெங்கு வைரஸுக்கு எதிராக வலுவாகவும் பல முனைகளிலும் எழுகின்றன என்றும், அந்த வலுவான எழுச்சி பாதுகாப்போடு தொடர்புடையது என்றும் காட்டியது. டி செல்கள் மிகையாக எழுவதுதான் தீவிரத்துக்குக் காரணம் என்ற கருத்து பரவலாக இருந்த காலத்தில் இது எதிர்த்திசையில் நின்றது.

வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் கைப்பிடிகளில் ஒன்றான டிசி-சைன் பற்றித் தாய்லாந்தில் நடந்த 2005ஆம் ஆண்டின் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. அதன் ஒரு மாறுபாடு சாதாரண டெங்குக் காய்ச்சலிலிருந்து பாதுகாப்பளிப்பதாகத் தெரிந்தது, ரத்தக்கசிவு டெங்குவிலோ அந்தப் பாதுகாப்பைக் காணவில்லை. ஒரே வைரஸின் இலேசான வடிவத்துக்கும் கடுமையான வடிவத்துக்கும் மரபு வழிப் பாதைகள் வேறாக இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

அந்த மாறுபாடு எனக்கு இருந்தால் நான் எவ்வளவு அஞ்ச வேண்டும்?

வியட்நாம் ஆய்வில் எம்ஐசிபி மாறுபாட்டின் ஒவ்வொரு நகலும் அதிர்ச்சி நிலைக்கான வாய்ப்பை ஏறத்தாழ 1.34 மடங்காக்கியது. இந்த எண்ணைத் தனியே பார்த்தால் பெரிதாகத் தோன்றும். டெங்கு நோயாளிகள் 1,000 பேரில் 20 பேர் அதிர்ச்சி நிலைக்குப் போகிறார்கள் என்று, கணக்கு புரிவதற்காக மட்டும், வைத்துக்கொள்வோம். மாறுபாட்டின் ஒரு நகல் உள்ளவர்கள் 1,000 பேரில் அந்த எண்ணிக்கை சுமார் 27 ஆகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் நகல் பெற்றவர்களில் சுமார் 35 ஆகும். அதாவது இரண்டு நகல்கள் இருந்தாலும் 965 பேர் அதிர்ச்சி நிலையை எட்டுவதில்லை. ஒரு நகலும் இல்லாதவர்களிலும் 20 பேர் எட்டிவிடுகிறார்கள். பல்லாயிரம் பேரின் சராசரியில் தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாட்டை வைத்து ஒரு தனி மனிதருக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியாது. இது நோயின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள உதவும் அறிவு, அதற்காகவே இது அருமையானது.

இரண்டாம் முறை டெங்கு வந்தால் ஆபத்து அதிகம் என்கிறார்களே, அது மரபணுவைவிட முக்கியமானதா?

ஆம், பலருக்கும் அதுவே பெரிய காரணி. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனபின் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் காலப்போக்கில் குறைந்து ஓர் இடைநிலையை அடையும்போது, அவை வைரஸை முடக்காமல் வெறுமனே பற்றிக்கொண்டு, வெள்ளணுக்களுக்குள் அது எளிதாக நுழைய வழி செய்துவிடுகின்றன. 1960களில் பாங்காக்கில் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார். நிகராகுவாக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2017இல் வெளியான ஆய்வு, எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தவர்களைவிட, ஒரு குறிப்பிட்ட இடைப்பட்ட அளவில் இருந்தவர்களுக்கே தீவிர நோயின் ஆபத்து கூடுதல் என்று உறுதிப்படுத்தியது. தாயிடமிருந்து எதிர்ப்பொருள் பெற்ற கைக்குழந்தைகள் முதல் தொற்றிலேயே கடுமையாகப் பாதிக்கப்படுவதற்கும் இதுவே விளக்கம்.

கியூபாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கே 1977இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் நோயுற்று 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் தோன்றியபோது, ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் முதல் வகையைச் சந்தித்திருந்த பெரியவர்களே கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். உடலின் நினைவு அவ்வளவு நீண்டது.

ஆனால் மரபணு இங்கும் குறுக்கிடுகிறது. எதிர்ப்பொருள் போர்த்திய வைரஸை வெள்ளணுவுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பியின் 131ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா, ஆர்ஜினின் இருக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆர்ஜினின் வடிவத்தை மட்டும் பெற்றவர்களுக்குத் தீவிர டெங்கு குறைவு என்று வியட்நாமிலும், ஹிஸ்டிடின் வடிவத்தை மட்டும் பெற்றவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கியூபாவிலும் நடந்த ஆய்வுகள் சுட்டின. இரண்டாம் தொற்று நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதிர்ச்சி நிலைக்குப் போகாமலே தேறிவிடுவதற்கு இத்தகைய வேறுபாடுகளும் ஒரு காரணமாகலாம்.

மேற்கு நைல் வைரஸில் எந்த மரபணு பேசப்படுகிறது?

சிசிஆர்5. எச்ஐவி பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. இந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களை எச்ஐவி எளிதில் தொற்றுவதில்லை என்று 1996இல் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் ஒரு விழுக்காட்டினர் அப்படிப்பட்டவர்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2006இல், மேற்கு நைல் நோயால் துன்புற்ற அமெரிக்கர்களிடையே இதே வடிவம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது: இவர்களுக்குத் தொற்று கூடுதலாக வருவதில்லை, தொற்று வந்தால் அது நோயாக வெளிப்படும் வாய்ப்பே கூடுகிறது. வைரஸ் மூளையை எட்டும்போது அதைத் துரத்த வேண்டிய வெள்ளணுக்களுக்கு அங்கே செல்ல வழிகாட்டுவது சிசிஆர்5 என்பதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டியிருந்தன.

ஒரு வைரஸிடமிருந்து காப்பது இன்னொரு வைரஸிடம் காட்டிக்கொடுக்கிறது. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிரித்துப் பேசும் பழக்கம் எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எலிகளில் கண்ட மரபணுவின் மனித உறவினரான ஓஏஎஸ்1இன் ஒரு மாறுபாடும் மேற்கு நைல் தொற்று வாய்ப்போடு தொடர்புடையதாக 2009இல் கண்டறியப்பட்டது. எனினும் அதன் விளைவு எலிகளில் கண்டதுபோல் உயிரைத் தீர்மானிப்பதாக இல்லை.

ஒற்றை மரபணுவே ஆபத்தை முடிவு செய்யும் மனிதர்கள் இல்லவே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். வைரஸ் நுழைந்த சில மணி நேரத்தில் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதம் இன்டர்ஃபெரான். அந்த எச்சரிக்கையைக் கேட்கும் காதாக அண்டைச் செல்களில் இருப்பது ஐஎஃப்என்ஏஆர் என்ற ஏற்பி. இந்த ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு முற்றிலும் செயலிழந்த இருவரைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. இருவரும் அதுவரை மற்றபடி நலமாகவே வளர்ந்தவர்கள். ஒருவருக்குத் தட்டம்மைத் தடுப்பூசியாலும், மற்றவருக்குப் பன்னிரண்டாம் வயதில் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியாலும் உயிருக்கு ஆபத்தான நோய் வந்தது. வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசிகள் இவை. பிறரிடம் சில நாள்களில் அடங்கிவிடும் அந்த வைரஸ், எச்சரிக்கை கேட்காத உடலில் அடங்க மறுத்தது. இதே ஏற்பியின் செயலிழந்த வடிவம் மேற்குப் பாலினேசியத் தீவு மக்களிடம் வியக்கும் அளவுக்குப் பரவலாக இருப்பது 2022இல் தெரியவந்தது. இரு நகல்களும் பெற்ற குழந்தைகளுக்குக் கடும் வைரஸ் நோய்கள் ஏற்பட்டிருந்தன.

இதே விளைவை மரபணுப் பழுது இல்லாமலும் அடைய முடியும். சிலரின் உடல் தன் சொந்த இன்டர்ஃபெரானையே எதிரியாக எண்ணி அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. மேற்கு நைல் நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 35 விழுக்காட்டினரிடம் இத்தகைய தன்னெதிர்ப்புப் பொருள்கள் இருந்ததாக 2023இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மரபணு ஆராய்ச்சி தேடிய விளக்கத்தின் பெரும் பகுதி பிறவியில் பெறாத ஒரு காரணத்தில் கிடைத்தது என்பது மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. இந்தத் தன்னெதிர்ப்புப் பொருள்கள் 70 வயதுக்குப் பின் பலமடங்கு பரவலாகின்றன. முதியவர்களுக்கு மேற்கு நைல் கடுமையாவதற்கு இது முக்கியமான ஒரு விளக்கம்.

அப்படியானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடத் தயங்க வேண்டுமா?

வேண்டாம். 1930களில் மாக்ஸ் தெய்லர் உருவாக்கி, 1951இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த 17டி தடுப்பூசி கோடிக்கணக்கானோரைக் காத்திருக்கிறது. உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடும் எதிர்விளைவு ஒரு லட்சம் டோஸ்களுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கிறது. மஞ்சள் காய்ச்சலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பகுதியினரைக் கொல்லும் நோய். தைமஸ் சுரப்பியில் நோய் இருந்தவர்கள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், உயிருள்ள வைரஸ் தடுப்பூசி ஒன்றால் குடும்பத்தில் யாரேனும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பவர்கள் ஆகியோர் அந்த விவரத்தை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஜிகா வைரஸில் தாயின் மரபணு முக்கியமா, சிசுவின் மரபணுவா?

கருவுற்ற காலத்தில் ஜிகா தொற்றிய தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கே தொற்றின் பாதிப்புகள் தெரிகின்றன. பிரேசிலில் பிறந்த இரட்டையர்கள் இதை ஆராய ஓர் அரிய வாய்ப்பைத் தந்தார்கள்: ஒரே கருப்பையில், ஒரே தொற்றைச் சந்தித்த, இரு கருமுட்டை இரட்டையரில் ஒருவர் சிறுத்த தலையோடும் மற்றவர் நலமாகவும் பிறந்த நிகழ்வுகள் இருந்தன. அப்படிப்பட்ட மூன்று இணையரின் செல்களிலிருந்து நரம்பு மூலச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஜிகா வைரஸைச் செலுத்தியபோது, பாதிக்கப்பட்ட குழந்தையின் செல்களில் வைரஸ் அதிகமாகப் பெருகியது. ஆகவே சிசுவின் மரபுக்கூறுக்கும் பங்கு உண்டு. இதை அறிந்துகொள்வது, 'நான் என்ன தவறு செய்தேன்' என்று தன்னையே வருத்திக்கொள்ளும் தாய்மார்களுக்குச் சிறிதேனும் ஆறுதல் தரும் என்று நம்புகிறேன்.

ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தீவிர டெங்கு குறைவு என்பது உண்மையா?

கியூபாவில் 1981இலும் 1997இலும் கறுப்பினத்தவரைவிட வெள்ளையரே தீவிர டெங்குவுக்கு அதிகம் ஆளாகினர் என்பது பதிவாகியுள்ளது. ஹைட்டியில் பல டெங்கு வகைகள் புழங்கியும் குழந்தைகளிடம் ரத்தக்கசிவு டெங்கு மிக அரிதாக இருந்ததை 2001இல் வெளியான ஆய்வு விவரித்தது. கொழுப்புப் பொருள்களின் கையாளலோடு தொடர்புடைய ஓஎஸ்பிபிஎல்10 போன்ற மரபணுக்களின் ஆப்பிரிக்க வடிவங்கள் பாதுகாப்பளிக்கக்கூடும் என்று கியூப மக்களிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள செல்லின் கொழுப்புப் பொருள்களைச் சார்ந்திருப்பதால் இது நம்பத்தக்க விளக்கமே.

ஆனால் இதை ஒருவரின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அளவுக்கு நீட்டுவது தவறு, ஆபத்தும்கூட. வம்சாவளி என்பது ஆயிரக்கணக்கான மாறுபாடுகளின் சராசரி. மருத்துவமனையில் காத்திருக்கும் தனி மனிதர் ஒரு சராசரி அல்லர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சலைக் கறுப்பினத்தவர் தாங்குவர் என்ற நம்பிக்கை, அந்நோய் பரவிய காலங்களில் அவர்களையே அபாயமான வேலைகளில் நிறுத்தப் பயன்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தவர்கள் இத்தகைய கூற்றுகளை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும்.

ரத்த வகைக்கும் தீவிரத்துக்கும் தொடர்பு உண்டா?

தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, இரண்டாம் தொற்றின்போது ஏபி ரத்த வகையினருக்குத் தீவிர டெங்கு அதிகம் என்றது. பிற ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கொசு என்னை மட்டும் தேடிக் கடிக்கிறது. அதுவும் மரபணுவா?

ஓரளவுக்கு ஆம். 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 18 ஒரு கருமுட்டை இரட்டையர் இணைகளையும் 19 இரு கருமுட்டை இரட்டையர் இணைகளையும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்களிடம் ஒப்பிட்டபோது, ஒரு கருமுட்டை இரட்டையரின் கைகளே கொசுக்களை ஏறத்தாழ ஒத்த அளவில் ஈர்த்தன. உடல் மணத்தின் வழியாக இது நிகழ்வதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதிகம் கடிபடுவது தொற்றின் வாய்ப்பைக் கூட்டலாமே அன்றி, வந்த நோய் தீவிரமாகும் என்பதற்கு அறிகுறி ஆகாது.

அரிவாள் செல் நோய், தாலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு?

நடைமுறையில் மிகவும் பயன்படும் மரபுத் தகவல் இதுதான் என்பேன். நெடுநாள் சிவப்பணுச் சிதைவு நோய்கள் உள்ளவர்களுக்கு டெங்கு வந்தால், அபாய அறிகுறிகள் தோன்றாதபோதும் மருத்துவமனைக் கண்காணிப்பில் வைக்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கர்ப்பம், கைக்குழந்தைப் பருவம், முதுமை, உடற்பருமன், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. இவற்றை அறிய எந்த நவீன மரபணுச் சோதனையும் தேவையில்லை. காய்ச்சலோடு போகும் முதல் நாளிலேயே மருத்துவரிடம் வாய்திறந்து சொன்னால் போதும்.

எனக்குத் தீவிர டெங்கு வருமா என்று மரபணுச் சோதனை செய்து அறியலாமா?

அறிய முடியாது. மேலே சொன்ன பொதுவான மாறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் தனி ஒருவரின் விதியைச் சொல்லும் வலிமை அவற்றுக்கு இல்லை. தவறான நிம்மதியே இதன் பெரிய கேடு. 'ஆபத்து குறைவு' என்று எழுதிய ஒரு தாளை நம்பி, வயிற்றுவலியையும் வாந்தியையும் ஒருநாள் பொறுத்திருந்து பார்க்கும் ஒருவர் உயிரிழக்க நேரலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. சாதாரண வைரஸாலோ உயிருள்ள வைரஸ் தடுப்பூசியாலோ ஒரு குழந்தை எதிர்பாராத அளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தாலோ, உடன்பிறந்தார் அவ்வாறு இறந்திருந்தாலோ, பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தாலோ, பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகளை ஆராயும் மருத்துவரை அணுகுவது பொருத்தமானது. அங்கே சோதனைக்கு உண்மையான பயன் உண்டு.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் டெங்குவால் இறந்திருக்கிறார். மற்றவர்களுக்கும் அப்படி ஆகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வேதனையை உணர்கிறேன், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத் தீவிர டெங்கு வந்தது என்பதால் மற்றவருக்கும் அப்படியே வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே வீட்டில் வாழ்வோர் ஒரே கொசுக்களின் கடியையும், பல சமயம் ஒரே வகை வைரஸையும், கடந்தகாலத் தொற்றுகளின் ஒரே வரலாற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது அது பரம்பரை போலவே தோன்றும்.

ஆயினும் உங்கள் வீட்டில் அடுத்த முறை யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், இறந்தவரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு டெங்கு வந்தவர் யார், எந்த ஆண்டில் என்பதையும் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அடுத்த இரண்டு நாள்கள் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்: விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியால் துவண்டுபோதல் அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நரம்பு வழியாக நீர்மம் ஏற்றுவதை உரிய நேரத்தில், உரிய அளவில் செய்யும் இடங்களில் தீவிர டெங்குவின் இறப்பு விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வந்திருக்கிறது, மரபணு எதுவாக இருந்தபோதிலும்.